தெரியலை என்று நின்றவர்

மூடுபனியில் நடக்கும்போது முன்னால் போகிறவரின் கால்கள்தான் முதலில் மறையும். பிறகு இடுப்பு, பிறகு தோள். கடைசியில் ஒரு காய்கறிக் கூடை மட்டும் வெள்ளைக்குள் தனியாக மிதந்துகொண்டு போகும். அதற்கு முன்னால் இன்னொரு கூடை, அதற்கும் முன்னால் இன்னொன்றின் நிழல். அப்படி மிதந்த இருபது கூடைகளுக்குப் பின்னால், கையில் குடையும் தூக்குச்சட்டியுமாக நான் நடந்த காலம் ஒன்று இருந்தது. இப்போதும் சில காலைகளில் கண்ணைத் திறப்பதற்கு முன் அந்தக் கூடைகள் போகின்றன. முதல் கூடையைச் சுமந்தவரைத்தான் நான் தேடுகிறேன். அவர் எப்போதும் பனிக்குள்தான் இருக்கிறார்.

ஐம்பதுகளின் தொடக்கம். வில்பட்டிக்கு அப்போது பஸ் கிடையாது. முட்டைக்கோசும் பீன்சும் உருளைக்கிழங்கும் பெண்களின் தலையில்தான் கொடைக்கானலுக்கு ஏறும். போகிற வழியில் நாயுடுபுரத்துச் சின்னப் பள்ளி ஒன்றில் நான் டீச்சர்; வீடு வில்பட்டியில். கணவருக்குப் பழனியில் வேலை. வாரம் ஒருமுறை மலையேறி வருவார். மூன்று வயது மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வெள்ளனே கிளம்பும் அந்தப் பெண்களோடு நானும் சேர்ந்துகொள்வேன். எனக்குச் சுமை இல்லை என்பதால் வரிசையில் என் இடம் கடைசி.

முன்னால் நடந்தவரின் பெயரை எழுதப்போவதில்லை. எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். குள்ளம். அகன்ற பாதங்கள். ஏதோ பங்களாவில் கழித்துக் கொடுத்த ஆண்பிள்ளை ஸ்வெட்டர் ஒன்றைச் சேலைக்கு மேல் போட்டிருப்பார். அதில் பொத்தான் இருந்த இடங்களில் எல்லாம் ஊக்குகள். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. முன்பு முதலில் நடந்த பெண் கல்யாணமாகிக் கீழே போய்விட்ட மறுநாள், எல்லோரும் யார் முதலில் அடியெடுத்து வைப்பது என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இவருடைய கூடை அன்றைக்கு ரொம்பக் கனம். நிற்க முடியாமல் நடந்துவிட்டார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். அவ்வளவுதான் கதை.

"அன்னைக்குப் பீன்ஸ் கொண்டு போயிருந்தேன்னா தப்பிச்சிருப்பேன்" என்பார்.

தலையில் சுமை இருப்பவரால் திரும்பிப் பார்க்க முடியாது. கழுத்தை ஒடிக்கக் கூடாது. திரும்ப வேண்டுமானால் உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டும். ஒற்றையடிப் பாதையில் அதற்கு இடமில்லை. ஆகவே தனக்குப் பின்னால் வருகிறவர்களை அவர் ஒருநாளும் பார்த்தது கிடையாது. காலடியை வைத்தும் மூச்சை வைத்தும்தான் தெரிந்துகொள்வார். "மூணாவது ஆளுக்கு இன்னைக்குக் காய்ச்சல் போல, யாராச்சும் கூடையை மாத்துங்கடி" என்று பார்க்காமலே சொல்வார். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை, முன்னால் இருக்கிற வெறும் பனியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"வாறீங்களா?"

வரிசையில் கடைசியாக வருகிறவர்தான் பதில் சொல்ல வேண்டும். அது வழக்கம். கடைசி ஆள் இருந்தால் நடுவில் இருக்கிறவர்களும் இருப்பார்கள் என்று கணக்கு. கடைசி ஆள் நான். "வாறோம்" என்று கத்துவேன். பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. என் குரல் இருபது கூடைகளைத் தாண்டிப் போய் அவரைத் தொட்டதும், நின்றிருந்த காலடிச் சத்தம் மறுபடி கிளம்பும்.

பாதி வழியில் ஒரு புல்மேடு வரும். மாடு மேய்கிற இடம். ஏழெட்டு மாட்டுத் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும்; அவற்றில் ஒன்றுதான் நாயுடுபுரத்துக்கு ஏறுகிற வழி. வெயிலில் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். பனி இறங்கிவிட்டால் எல்லாத் தடமும் ஒரே தடம். அங்கே வந்ததும் அவர் நின்றுவிடுவார்.

"தெரியலை. உக்காருங்க."

அந்த ஒரு சொல்லை அவர் சொல்கிற விதத்தை நான் வேறு யாரிடமும் கேட்டதில்லை. அதில் வருத்தமோ கூச்சமோ இருக்காது. உப்பு இருக்கா என்று கேட்டால் இல்லை என்று சொல்வதுபோலச் சொல்வார். கூடைகள் ஒவ்வொன்றாக இறங்கும். வெற்றிலைப் பைகள் திறக்கும். உருவம் தெரியாத பேச்சும் சிரிப்பும் பனிக்குள் அங்கங்கே கேட்கும். நான் சுருக்குப் பையிலிருந்து ஒரு கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, உலகத்தில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத சுகத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது சுகம். கூடைக்காரர்களுக்குச் சங்கடம். பிந்திப் போனால் ஓட்டல்காரர்கள் வேறு ஊர்க் காயை வாங்கிவிடுவார்கள்.

பேச்சியம்மாள் என்று ஒருத்தி. வரிசையில் இரண்டாவது. வாய்க்காரி.

"இவளை முன்னாடி விட்டதுக்கு ஒரு கழுதையை விட்டிருக்கலாம். அதாச்சும் நிக்காமப் போகும்."

"போகும்டி. நீ அது பின்னாலயே போ. எங்க போய்ச் சேந்தீங்கன்னு ரெண்டு பேத்துல ஒருத்தரு வந்து சொல்லுங்க."

சிரிப்பில் யாருடைய கூடையோ சரியும்.

டவுனிலும் அவர் அப்படித்தான். ஓட்டல் மேனேஜர் ஒருவர் ஒருநாள், "நாளைக்கு மழையாமே, காய் வருமா வராதா? சரியா ஒரு பதில் சொல்லு" என்று கேட்டார்.

"தெரியலைங்க."

"இத்தனை பேருக்கு லீடர்ங்கிறே, இதுகூடத் தெரியாதா?"

"லீடரெல்லாம் இல்லைங்க. முன்னாடி நடக்கேன். வரும்னு சொல்லிட்டு வராமப் போனா நீங்க இன்னைக்கு வேற எடத்துல சொல்லி வைக்க மாட்டீங்கள்ல?"

மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் மழையில் காய் கிடைக்காமல் தவிக்காத ஓட்டல் அது ஒன்றுதான் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

ஒருமுறை பாதையில் காட்டுமாடு ஒன்று நின்றது. பனிக்குள் கரும்பாறைபோல. மூச்சுவிட்டதும்தான் பாறை இல்லை என்று தெரிந்தது. "எந்தப் பக்கம் திரும்பும்னு தெரியலை. எல்லாரும் மேட்டுல ஏறுங்க" என்று மெதுவாகச் சொன்னார். நாங்கள் மேட்டில் ஏறிப் புதருக்குள் நின்றோம். அது தானாகவே போயிற்று. இறங்கி வந்தபோது, கழன்றிருந்த ஊக்கு ஒன்றை மூன்று தடவை முயன்றும் அவரால் மாட்ட முடியாததைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"பின்னாடி நடந்தா எவ்வளவு நல்லாருக்கும் தெரியுமா டீச்சர்? கூடையை மட்டும் சுமந்தாப் போதும்" என்றார்.

அந்த ஐப்பசியில் என் மகளுக்குத் தொண்டை கட்டியது. இரண்டு நாள் சளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் விடிந்தபோது அவள் மூச்சு இழுக்கும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. உதட்டோரம் நீலம். கணவர் பழனியில். ஒரு கம்பளியில் அவளைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பெண்களோடு கிளம்பினேன். அன்றைக்கு நான் கடைசியில் நடக்கவில்லை. பேச்சியம்மாளுக்கு அடுத்து நடந்தேன். குழந்தை விடுகிற ஒவ்வொரு மூச்சையும் என் மூச்சால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

புல்மேட்டுக்கு வந்தோம். அப்படியொரு பனியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பால் கொதித்து வழிவதுபோல எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. அவர் நின்றார்.

"தெரியலை. உக்காருங்க."

"அக்கா, பிள்ளைக்கு முடியலைக்கா."

"எல்லாத் தடமும் ஒண்ணாக் கெடக்கு டீச்சர். செத்த உக்காருங்க. வெலகும்."

"எப்ப வெலகும்?"

"அதுவும் தெரியலை."

அதற்குப் பிறகு நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"தினம் நடக்கிற பாதை தெரியலைன்னு சொல்ல வெக்கமா இல்லை உங்களுக்கு? தெரியாதவங்க எதுக்கு முன்னாடி நடக்கணும்? என் பிள்ளை உங்க கண்ணு முன்னால சாகட்டும்னு உக்காந்திருக்கச் சொல்றீங்களா? கூடையை எறக்கி வச்சுட்டுப் பின்னாடி போங்க. தெரிஞ்சவ யாராவது வரட்டும்!"

யாரும் வரவில்லை. அவர் தலையில் கூடையோடு உடம்பு முழுவதையும் மெதுவாகத் திருப்பினார். அந்த இடத்தில் அவர் முகத்தை அப்படி நேராக நான் பார்த்தது முதல் தடவை. கம்பளிக்கு வெளியே தொங்கிய என் மகளின் பாதத்தை ஒரு விரலால் தொட்டார். அது சில்லிட்டிருந்திருக்க வேண்டும்.

"தெரியும். வாங்க" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் இறங்கிய நிம்மதியை என்னால் மறக்க முடியவில்லை. காய்ச்சல்காரியின் நெற்றியில் ஈரத்துணி போட்டதுபோல இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. வரிசை முழுவதும் ஒரு பெருமூச்சு போனதைக் கேட்டேன். அவர் எந்த வழியில் போகிறார் என்று ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் தரை சாய்ந்தது. மேலே ஏற வேண்டிய பாதை ஏறவில்லை. எனக்கு அது தெரிந்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அவர் வேகத்தைக் குறைத்தார். பேச்சியம்மாள் மட்டும், "வெரசா நடடி, பிள்ளை இழுக்குது" என்று சொல்லிக்கொண்டு அவரைத் தாண்ட ஓரமாகக் கால் வைத்தாள். மண் போயிற்று. ஒரு கூச்சல். பிறகு முட்டைக்கோஸ்கள் சரிவில் உருண்டு போகிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது, வெள்ளைக்குள், கீழே, இன்னும் கீழே.

"யாரும் அசையாதீங்க" என்றார் அவர். "எங்க நிக்கோம்னு எனக்குத் தெரியலை."

பனி விலகிவிட்டது. அதுதான் என்னால் தாங்க முடியாதது. அங்கே அசையாமல் நின்ற கொஞ்ச நேரத்தில், யாரோ துணியை உருவியதுபோல, விலகிவிட்டது. தலைக்கு மேலே, கூப்பிடு தூரத்தில், சரியான பாதை ஈரமாக மின்னிக்கொண்டு கிடந்தது. அதற்கும் மேலே நாயுடுபுரத்து வீடுகளின் புகை. புல்மேட்டில் உட்கார்ந்திருந்தால் இந்நேரம் அந்தப் புகைக்குள் நடந்துகொண்டிருப்போம். பேச்சியம்மாள் ஒரு மரவேரில் சிக்கிக் கிடந்தாள். தொடை எலும்பு முறிந்து, கால் வேறு யாருடையதோ போலத் திரும்பியிருந்தது.

அவர் இரண்டு வலுவான பெண்களைக் கூடையை இறக்கச் சொல்லி, "பிள்ளையை மாத்தி மாத்தித் தூக்கிக்கிட்டு ஓடுங்க" என்று என்னோடு அனுப்பினார். சேலைகளைக் கம்பில் கட்டித் தூளியாக்கி, பேச்சியம்மாளை அவரும் மற்றவர்களும் தூக்கி வந்தார்கள். டவுன் ஆஸ்பத்திரியில் என் மகளுக்கு ஊசி போட்டார்கள். தொண்டையில் குழாய் வைத்தார்கள். மத்தியானம் அவள் தூங்கியபோது அந்த மூச்சு சத்தமில்லாமல் போய்வந்தது. அந்தச் சத்தமின்மையைக் கேட்டபடி அவளை மடியில் போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

வராந்தாவின் மறு கோடியில் அந்தப் பெண்கள். பேச்சியம்மாளின் நாத்தனார் கேட்டாள்:

"அந்தத் தடத்துல போகச் சொன்னது யாரு?"

"நாந்தேன்" என்றார் அவர்.

"தெரியலைன்னு உக்காருறவளுக்கு இன்னைக்கு மட்டும் என்ன கேடு?"

"தெரியும்னு நெனச்சேன். தப்பு எம்மேலதான்."

என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நான் எழுந்து சொல்லியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். மடியில் தூங்குகிற குழந்தையை எழுப்பக் கூடாது என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு நல்ல காரணம் கையில் இருந்தது.

இரண்டு நாள் விடாத மழை. யாரும் டவுனுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் ஆபத்து தாண்டிவிட்டது என்றார்கள். சேதி கேட்டு வந்த என் தங்கையைக் குழந்தையிடம் விட்டு, துணி எடுக்க ஊருக்கு வந்தேன். மறுநாள் காலை வழக்கம்போல வரிசை கூடியது. அவர் கூடையைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார். யாரும் நகரவில்லை. பத்து இருபது அடி போயிருப்பார். பாதி உருவம் பனிக்குள் போய்விட்டது.

"வாறீங்களா?"

கடைசி ஆள் நான். பதில் என்னுடையது. மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொல் என் தொண்டை வரை வந்தது. சொன்னால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், பிறகு மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

"வாறீங்களா?" என்று இன்னொரு தடவை கேட்டது, இன்னும் தூரத்திலிருந்து.

அவரால் திரும்பிப் பார்க்க முடியாது. நடந்துகொண்டே இருந்தார். காலடிச் சத்தம் தேய்ந்து போனது. அதன் பிறகுதான் ஒருத்தி, "சரி, நம்ம சோலியைப் பாப்போம்" என்று கூடையை எடுத்தாள்.

ஒரு மாதம் அப்படித்தான் போயிற்று. முன்னால் அவர் தனியாக. கொஞ்சம் இடைவெளி விட்டு நாங்கள். எங்களுக்குள் தினம் சண்டை. எங்கே நிற்பது, எங்கே இறக்கி வைப்பது, யார் முதலில் நடப்பது என்று. முதலில் நடக்க ஆசைப்பட்டவர்கள் இரண்டு நாளில் அலுத்துப் பின்னால் வந்துவிட்டார்கள். அவர் குரல் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

பிறகு மார்கழியில் ஒருநாள் புல்மேட்டில் பனி இறங்கியது. முன்னால் அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. காலடி நின்றது மட்டும் கேட்டது. வெள்ளைக்குள்ளிருந்து, யாருக்கும் சொல்லாத குரலில், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "தெரியலை" என்று வந்தது.

எங்கள் வரிசையில் ஒருத்தி கூடையை இறக்கினாள். அடுத்தவள் இறக்கினாள். ஈரப் புல்லில் கூடைகள் உட்கார்கிற சத்தம் ஒவ்வொன்றாக முன்னால் போயிற்று. அவருக்கு அது கேட்டிருக்கும். பனி விலக ஆரம்பித்ததும், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஒன்றும், அதன் பிறகு பழைய குரலும் கேட்டன.

"வாறீங்களா?"

"வாறோம்" என்றேன். எல்லோரும் உட்கார்ந்த பிறகு அதைச் சொல்ல எனக்கு எந்தத் தைரியமும் தேவைப்படவில்லை.

அதற்கப்புறம் நான் நாயுடுபுரத்துக்கே குடிவந்துவிட்டேன். ரோடு வந்தது, பஸ் வந்தது. கூடைகள் பஸ்ஸின் தலையில் ஏறிக்கொண்டன. பல வருஷம் கழித்துப் பெருமாள்மலையில் ஒரு கடை வாசலில் அவரைப் பார்த்தேன். அதே மாதிரி வேறொரு ஸ்வெட்டர்.

"பாப்பா எத்தனாவது படிக்குது டீச்சர்?"

"எட்டாவது. அக்கா, அன்னைக்கு நான் உங்களை..."

"பஸ்ஸு வந்துருச்சு. வெரசா ஏறுங்க, எடம் போயிரும்."

ஏறிவிட்டேன். சென்ற மழைக்காலத்தில் அவர் காலமாகிவிட்டதாகச் சேதி வந்தது.

அந்த மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி படிக்கிறாள். விடுதிப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து தன்னைத் தலைவியாக்கியிருக்கிறார்கள் என்று சந்தோஷமாக எழுதியிருந்தாள். கடிதத்தை மடித்து வைத்த நிமிஷத்திலிருந்து ஒரே பயம். அவள் ஏதாவது தப்பான முடிவு எடுத்துவிடுவாளோ, யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்று சமையலிலும் வகுப்பிலும் அதே நினைப்பு. அக்காவிடம் சொல்ல முடியாமல் போனதைப் பேச்சியம்மாளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று, சனிக்கிழமை பஸ் ஏறி வில்பட்டிக்குப் போனேன்.

பேச்சியம்மாள் வாசலில் ஒரு காலை நீட்டிக்கொண்டு பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கால் மடங்காது. பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சுவிடாமல், பதினாறு வருஷமாக வைத்திருந்ததைச் சொல்லி முடித்தேன். தெரியும் என்று அவரைச் சொல்ல வைத்தது நான். நான் கத்தியதால்தான் அவர் நடந்தார். உன் கால் போனது என்னால்.

பேச்சியம்மாள் ஒரு பூண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதைச் சொல்லவா பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து வந்தீங்க? எனக்கு அடுத்தாப்புல நின்னுதானே கத்துனீங்க டீச்சர்? என் காதுக்குள்ளதான் கத்துனீங்க. வரிசையில கடைசி ஆளு வரைக்கும் கேட்டுச்சு."

"அப்ப எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியாமலா?"

"பிறகு ஏன் அவங்களை அப்படி..."

"பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டு அழுகிறவளைப் போயி யாரு கேப்பா? எனக்குக் காலு போச்சு. யாரையாவது வையணும்ல? அவளைத்தான் வைய முடியும்." பூண்டைக் கூடையில் போட்டாள். "அதுக்குத்தானே அவளை முன்னாடி விட்டோம்."

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் பனி அப்பியிருந்தது. இத்தனை நாளும் என் மகள் வழி தவறிவிடுவாளோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். இனி என் பயம் அது இல்லை. அவளுக்குப் பின்னால் நடந்து வருகிறவர்களில், அடக்க முடியாத அழுகையோடும் நியாயமான காரணத்தோடும், என்னைப் போல் ஒருத்தி இருப்பாள்.